டைல்ஸ் திரும்பும் மூலை

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலைக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டும் தொலைவில் நாம் பணியாற்றும் மதரஸா இருக்கிறது. அங்கே உளூச் செய்யும் இடத்தைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவருக்கும், அமரும் திண்ணைக்கும், கால் வைக்கும் படிக்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தது. ஜமாஅத்தார் மகிழ்ந்தார்கள்.

வேலை முடிந்து நாற்பது நாள் கூட ஆகவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவன் குதிகாலில் இரத்தம் வழிய வகுப்பிற்குள் வந்து நின்றான். உளூவில் குதிகாலை நனையாமல் விட்டுவிடுவோரை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். சொன்னபடியே அவன் குதிகாலைத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். படியின் வெளிமூலையில் இரண்டு டைல்ஸ் சந்திக்கும் இடத்தில் மெருகு சற்றே பெயர்ந்து கத்தி முனையாக நின்றிருக்கிறது. அது கிழித்துவிட்டது. மூன்று தையல்.

இதில் மேஸ்திரியைக் குறை கூறுவதற்கு நமக்கு வாயில்லை. வேலை தொடங்கிய அன்றே அவர் கேட்டார். "ஹஜ்ரத்து, வெளிமூலைக்கெல்லாம் தனியா ரெண்டு நாள் கூலி ஆகும். இல்லைன்னா பீடிங் வாங்கிக் கொடுத்துடுங்க. புள்ளைங்க புழங்குற இடம்." நாம் கணக்கேட்டைப் பார்த்தோம். "ஜமாஅத்துப் பணம் மேஸ்திரி, மூலைக்கென்று தனிக் கூலியா? சேர்த்தே முடித்துவிடுங்கள்" என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சேர்த்தே முடித்துவிட்டார்.

அந்தத் தையலுக்குப் பிறகுதான், சுவரில் ஓடு பதிக்கும் கலையின் வரலாற்றை மூலையின் பக்கமாக நின்று படிக்கத் தொடங்கினோம். ஓடு என்றால் கூரை ஓடு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இங்கே நாம் சொல்வது மெருகேற்றிய சுவர் ஓட்டை, நம் வீடுகளில் டைல்ஸ் என்று வழங்குவதை. சமதளத்தில் யார் ஒட்டினாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சுவர் திரும்புமிடத்தில்தான் அந்தந்தக் காலத்தார் எதற்குக் கூலி கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்பது தெரிகிறது.

முதலில் டைல்ஸ் வருவதற்கு முந்தைய நம் வீடுகளைச் சற்று நினைவுகூர்வோம். பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகளின் அடுப்பங்கரைக்கும் அங்கணத்திற்கும் சென்று சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பும் மணலும் அரைத்த சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுவர் அது. மணியாசுக் கட்டை செல்லாத மூலையில் கொத்தனார் தம் கட்டைவிரலையோ உருண்டைக் கல்லையோ வைத்து இழுத்திருப்பார். ஆகவே தரையும் சுவரும் சேருமிடம் குழிவாக இருக்கும். திண்ணையின் விளிம்பு மழுங்கியிருக்கும். அழுக்கு தங்குவதற்கும் இடமில்லை, கால் கிழிவதற்கும் வழியில்லை. ஈரமாக இருக்கும் வரை சாந்து கைக்கு இணங்கும் என்பதால் மூலை என்பது அன்றைக்குத் தனிப் பிரச்சினையாகவே எழவில்லை. சுட்ட ஓட்டின் இயல்பு வேறு. சூளையை விட்டு வெளியே வந்தபின் அது யாருக்கும் வளைந்து கொடுக்காது.

இஸ்லாமிய உலகில் மெருகோடுகளின் தொடக்ககாலச் சான்றுகளில் புகழ்பெற்றது துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசல். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அதன் மிஹ்ராபைச் சுற்றிப் பொன்மின்னும் மெருகுடைய சதுர ஓடுகளைப் பதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஓடுகளைச் சுவர் முழுவதையும் மூடும் போர்வையாக அவர்கள் கருதவில்லை. ஒவ்வொன்றும் ஓர் அணிகலன். முனை மேலும் கீழுமாக நிற்கும்படி, இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். சுவர் திரும்புமிடத்திற்கு ஓட்டை இழுத்துச் செல்லவேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

சுவர் முழுவதையும் ஓட்டால் போர்த்தும் வழக்கம் பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் தழைத்தபோதுதான் மூலை குறுக்கிட்டது. அந்நாளில் இத்தொழிலுக்குத் தலைநகர் காஷான். பாரசீக மொழியில் ஓட்டிற்குக் காஷி என்ற பெயரே அந்த ஊரிலிருந்து பிறந்தது. அங்கே பல தலைமுறைகளாக ஓடு சுட்ட அபூ தாஹிர் குடும்பத்தில் வந்த அபுல் காசிம் என்பவர் 1301ஆம் ஆண்டில், தம் முன்னோரின் தொழில் இரகசியத்தை ஒரு நூலில் எழுதி வைத்தார். பத்துப் பங்கு அரைத்த வெண்கல் மாவு, ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களிமண் என்பது அவர் தரும் கலவை. களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும், கோணும். கல்மாவு மிகுந்த கலவை அவ்வளவு சுருங்காது. ஆகவே பெரிய துண்டுகளையும், புடைத்த வடிவங்களையும், அரைத்தூண்களையும் அச்சில் அழுத்திச் சுட அவர்களால் முடிந்தது.

காஷானின் மைதான் பள்ளிவாசலுக்காக 1226இல் செய்யப்பட்ட மிஹ்ராப் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பல பெரிய துண்டுகளாகச் சுட்டுப் பொருத்தப்பட்டது. வளைவைத் தாங்குவனபோலத் தோன்றும் தூண்களும் ஓடுகளே. இது இந்த இடத்தில் வரும், இதன் பக்கத்தில் அது நிற்கும் என்று சூளையில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். சுவரில் பதிப்பவரின் தலையில் எந்தச் சுமையையும் விட்டுவைக்கவில்லை.

சமர்கந்தில் ஷாஹே ஸிந்தா என்னும் அடக்கத்தலத் தொகுதியில், தைமூரின் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்காக 1372இல் எழுப்பப்பட்ட கட்டடம் ஒன்று உண்டு. அதன் முகப்பில் ஓடுவேலை நேர்கோணத்தில் சட்டென்று முறிவதில்லை. விளிம்பில் ஒரு மெல்லிய தூண், அந்தத் தூணிற்கும் ஓடு, அதைக் கடந்த பிறகே அடுத்த தளம். இரண்டு தளங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மூன்றாவதாக ஒன்றை நிறுத்துவது இதன் உத்தி. கணவன் மனைவி வழக்கில் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது என்று வகுப்பில் ஒருநாள் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரிய மாணவர்கள் மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

கணிதமும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலை விளக்கி ஒரு நூல் எழுதினார். கைவினைஞர்களும் கணிதர்களும் ஒன்றாகக் கூடிய அவையைப் பற்றி அவர் அதில் குறிப்பிடுகிறார். மூன்று சம சதுரங்களை வெட்டிச் சேர்த்து ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அங்கே எழுந்த கேள்வி. கைவினைஞர்கள் காட்டிய முறைகளில் சில கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் கணக்கில் தவறாக இருந்தன. கணிதரோ கோட்டில் நிறுவினாரேயன்றி, கையில் ஓட்டை எடுத்து வெட்டி அறியார். இரு சாராரிடமும் உள்ள குறையை எடுத்துச் சொல்லிவிட்டு, வெட்டவும் கூடிய, நிறுவவும் கூடிய வழியை அவர் வரைந்து காட்டுகிறார். கற்றவர் ஒருவர் ஓடு வெட்டுபவருடன் ஒரே அவையில் அமர்ந்து விவாதித்தார் என்பது நம் கவனத்திற்குரியது. இன்று எத்தனை ஆலிம்கள் மேஸ்திரியுடன் அமர்ந்து மூலையைப் பற்றிப் பேசுகிறோம்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தக்காணத்தில், கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர் நகரம் பஹ்மனி சுல்தான்களின் தலைநகராக விளங்கியது. அங்கே 1472இல் கட்டி முடிக்கப்பட்ட மஹ்மூத் கவான் மதரஸா, மதரஸாவில் பணியாற்றும் எவருக்கும் ஒரு கனவு. பாரசீகத்தின் கீலான் பகுதியிலிருந்து வணிகராக வந்து அமைச்சராக உயர்ந்தவர் மஹ்மூத் கவான். மூன்று அடுக்குகள், வகுப்பறைகள், பள்ளிவாசல், மாணவர் அறைகள், பெரிய நூலகம் என அமைத்து, முகப்பு முழுவதையும் நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை ஓடுகளால் போர்த்தினார். பிறகு பகைவர்கள் புனைந்த ஒரு பொய்க் கடிதத்தை நம்பி, 1481இல் சுல்தான் அவருக்கு மரண தண்டனை விதித்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த வெடிவிபத்தில் மதரஸாவின் ஒரு பகுதி சிதைந்தது. முகப்பின் இரு மினாராக்களில் ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்த மினாராவைக் கவனியுங்கள். முகப்பின் கோடியில், கூர்மூலை இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையான மினாரா எழுகிறது. உருண்டையில் மூலை ஏது? சிறு சிறு ஓடுகளை நெளிநெளியாக அடுக்கி அந்த உடலைச் சுற்றிக்கொண்டு சென்றிருக்கிறார்கள். துண்டு சிறியதாக இருந்தால் வளைவைச் சுற்றி வரும் என்பது எளிய உண்மை. சிறு துண்டிற்கு வேலைநாள் கூடும் என்பதும் உண்மை.

பீதரை அடுத்த அஷ்தூரில் பஹ்மனி சுல்தான்களின் அடக்கத்தலங்கள் உள்ளன. 1458இல் மறைந்த இரண்டாம் அலாவுத்தீன் அஹ்மதின் கட்டட முகப்பில் நீல ஓடுகள் இன்னும் ஆங்காங்கே ஒட்டியிருக்கின்றன. அங்கே ஓட்டை விளிம்பு வரை இழுத்து வந்து நிறுத்தவில்லை. வளைவுகளின் ஓரங்களில் செதுக்கிய கருங்கல் பட்டைகள் ஓடுகின்றன. ஓடு அந்தக் கல்லின் அணைப்புக்குள் அடங்கி நிற்கிறது. உரசுவதும் இடிபடுவதும் எப்போதும் விளிம்புதான். அடியைக் கல் வாங்கிக்கொள்ளட்டும், அழகை ஓடு காட்டட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாரசீகக் கலையும் தக்காணத்துக் கல்தச்சரின் கையும் சேர்ந்து கண்ட விடை இது. இதனை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வருவோம்.

மறுபுறம் மேற்கே, அந்தலுஸில் முஸ்லிம்கள் வளர்த்த ஓடுவேலை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் உரியதாயிற்று. போர்ச்சுகீசியர் தம் நாட்டு ஓட்டை இன்றும் அஸுலேஜு என்றே அழைக்கின்றனர். அஸ்ஸுலைஜ் என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. அந்தப் போர்ச்சுகீசியர், அதாவது பரங்கியர், வந்திறங்கியதால் நம் கடற்கரையில் ஓர் ஊருக்கே பரங்கிப்பேட்டை என்ற பெயர் ஏற்பட்டது. அதே ஊரை முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்று வழங்கினார்கள். அரபுச் சொல்லை நாவில் சுமந்து வந்தவர்கள் அரபு வணிகர்கள் புழங்கிய கரையில் இறங்கினார்கள் என்பதை எண்ணும்போது வரலாற்றின் சுற்றுப்பாதை வியப்பைத் தருகிறது.

ஓட்டைப் பள்ளிவாசலிலிருந்தும் அரண்மனையிலிருந்தும் குளியலறைக்குக் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1840இல் ரிச்சர்ட் பிராஸர் என்பவர் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஈரக் களிமண்ணைப் பிசைவதற்கு மாறாக, ஏறத்தாழ உலர்ந்த களிமண் தூளை இரும்பு அச்சில் வைத்து அழுத்துவது அம்முறை. ஹெர்பர்ட் மின்டன் அதனை ஓட்டிற்குப் பயன்படுத்தினார். தூளில் நீர் குறைவு, ஆகவே சுருக்கமும் கோணலும் குறைவு. ஒன்றைப் போலவே ஆயிரம் ஓடுகள் வந்தன, விலை இறங்கியது. மருத்துவமனை, பால் பண்ணை, பொதுக் குளியலிடம், இரயில் நிலையம் என எங்கெல்லாம் கழுவித் தள்ளவேண்டுமோ அங்கெல்லாம் மெருகோடு ஏறியது.

அந்தத் தொழிற்சாலைகள் தட்டை ஓட்டை மட்டும் விற்கவில்லை என்பதை நாம் பெரிதும் மதிக்கிறோம். சுவரும் தரையும் சேரும் உள்மூலைக்குக் குழிந்த துண்டு, சுவர் வெளியே திரும்பும் இடத்திற்கு உருண்ட துண்டு, மேல்விளிம்பை முடிப்பதற்கு ஒருபக்கம் மழுங்கிய ஓடு, மூன்று தளங்கள் ஒரே புள்ளியில் கூடும் இடத்திற்குக் குமிழ் போன்ற சிறு துண்டு என ஒவ்வொன்றிற்கும் தனி அச்சு இருந்தது. நோய் பரவுவதைக் குறித்த அச்சத்தால் மருத்துவமனைகள் கூர்மூலையே கூடாது என்று கருதத் தொடங்கிய காலம் அது. நம் பழைய கொத்தனார் கட்டைவிரலால் செய்த குழிவை அவர்கள் சூளையில் சுட்டு எடுத்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியர் இதே முறையில் புடைப்புப் பூவேலை கொண்ட வண்ண ஓடுகளைச் செய்து இந்தியாவிற்குக் கப்பல் கப்பலாக அனுப்பினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இடுப்பு உயரத்திற்குப் பதித்திருக்கும் ஓடுகள் பல அவையே. காரைக்குடிப் பக்கம் செல்லும்போது பாருங்கள். தரையில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் புகழ்ந்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுவரோட்டின் மேல்விளிம்பு எப்படி முடிகிறது என்பதையும் குனிந்து பாருங்கள்.

இப்போது நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. மேஸ்திரியைக் கடிந்துகொள்ளும் நம்மில் பலர் அறியாதது, பீங்கான் மண் கடலூர் மாவட்டத்தின் சொந்தச் செல்வம் என்பது. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றியபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலையும் அங்கே நடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் பீங்கான் தொழிற்பேட்டையும் அமைந்தன. பொம்மைகளும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் அந்த ஊரின் அடையாளமாயின. வடலூரில் நெய்சர் நிறுவனம் கழிவறைப் பீங்கானும் கைகழுவும் தொட்டிகளும் செய்தது. நம் ஊர்களில் பழைய குளியலறைகளில் அந்தப் பெயர் பொறித்த பீங்கானை இன்றும் காணலாம்.

கைகழுவும் தொட்டி ஒன்றைத் தடவிப் பாருங்கள். எங்கும் கூர்முனை இராது. களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்தில் செய்த அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். அச்சு செய்பவர் மனிதனின் கை எங்கே படும், நீர் எங்கே வழியும் என்று எண்ணி வளைவை முன்கூட்டியே அமைத்துவிடுகிறார். தொட்டியும் டைல்ஸும் ஒரே களிமண் குடும்பம். ஒரே அறையில் அடுத்தடுத்து நிற்பவை. ஒன்றின் மூலையைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. மற்றொன்றின் மூலையை இந்நாளில் அது கைவிட்டுவிட்டது.

எப்படிக் கைவிட்டது? நம் சிறுவயதில் சுவர் டைல்ஸ் கையகலமாக, நான்கு அல்லது ஆறு அங்குலச் சதுரமாக இருந்தது. வளைகுடாவில் உழைத்தவர்களின் பணம் ஊருக்கு வரத் தொடங்கிய பின் வீட்டுக்கு வீடு டைல்ஸ் ஏறியது. அளவும் வளர்ந்தது. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டுக்குப் பதினெட்டு, இன்று ஓரடிக்கு இரண்டடி. இந்தியாவில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் உருவாகிறது. மாதத்திற்கொரு வடிவம் மாறும் சந்தையில், ஒவ்வொரு வடிவத்திற்கும் குழிந்த துண்டு, உருண்ட துண்டு என்று அச்சுச் செய்தால் கட்டுபடியாகாது. ஆகவே தட்டையான டைல்ஸ் மட்டும் பெட்டியில் வருகிறது. காஷானில் சூளைக்காரரும், பீதரில் கல்தச்சரும், இங்கிலாந்தில் அச்சு செய்பவரும் பங்கிட்டுக்கொண்ட வேலை முழுவதும் கடைசியில் ஒரே ஒருவரின் தோளில் இறங்கிவிட்டது. கையில் கிரைண்டருடன், நம் குளியலறையில் குந்தியிருக்கும் மேஸ்திரியின் தோளில்.

அவர் என்ன செய்யவேண்டியிருக்கிறது என்பதை நாம் பின்னர் அவரிடமே கேட்டறிந்தோம். டைல்ஸ் பெரிதாகப் பெரிதாகச் சுவரின் குற்றம் வெளிச்சத்திற்கு வருகிறது. ஆறங்குல டைல்ஸாக இருந்தால் சுவரின் சாய்வைச் சிறிது சிறிதாக மறைத்துக்கொண்டு போகலாம். இரண்டடி டைல்ஸ் மறைக்காது. ஆகவே முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் செங்குத்தா என்று பார்க்கவேண்டும். மூலைமட்டம் வைத்து நேர்கோணமா என்று பார்க்கவேண்டும். பெரிய அறையில் மூலைமட்டம் போதாது. மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடியும் மறுசுவரில் நான்கடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே டேப் பிடித்தால் சரியாக ஐந்தடி வரவேண்டும். அபுல் வஃபாவின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறது.

அடுத்து, முழு டைல்ஸை எங்கே தொடங்குவது, வெட்டுத் துண்டு எங்கே விழுவது என்பது. கண்ணில் முதலில் படும் வெளிமூலையில் முழு டைல்ஸ் வரவேண்டும். துண்டு உள்மூலைக்குள் போய் ஒதுங்கவேண்டும். அதுவும் இரண்டு விரற்கடைக் கீற்றாக இருக்கக்கூடாது. இரு உள்மூலைகளுக்கு நடுவிலுள்ள சுவரானால் இருபுறமும் ஒரே அளவாகத் துண்டு விழும்படி நடுவிலிருந்து பங்கிடுவார்கள். ஒட்டுவதற்கு முன்பே சுவரில் பென்சிலால் இதையெல்லாம் குறித்தாக வேண்டும். இதற்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாளில் ஒரு டைல்ஸ் கூட ஏறியிராது. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்பார். நாமும் அப்படித்தான் கேட்டோம்.

உள்மூலையில் இரு சுவர்களின் டைல்ஸையும் முட்ட ஒட்டக்கூடாது. இரு சுவர்களும் வெயிலுக்கும் ஈரத்திற்கும் வெவ்வேறாக அசையும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெள்ளைச் சிமெண்டை அடைக்காமல் ரப்பர் போல நெகிழும் சிலிக்கான் பசையை நிரப்பவேண்டும். சிமெண்ட் அடைத்தால் ஓராண்டில் மயிரிழையாக வெடிக்கும். அதன் வழியே நீர் இறங்கும், கறுப்புப் பூஞ்சை படியும். நம் வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் பிரஷ் வைத்துத் தேய்த்துச் சலிக்கும் அந்தக் கறுப்புக்கோடு பெரும்பாலும் இதனால் வருவதே. தேய்ப்பில் குறையில்லை.

வெளிமூலைதான் கடினம். இரு டைல்ஸின் விளிம்புகளையும் பின்புறமாக 45 பாகை சாய்த்து வெட்டிச் சேர்ப்பது இப்போதைய வழக்கம். பார்க்க அழகாக, சுவரே மடிந்தது போலத் தெரியும். ஆனால் டைல்ஸின் மெருகு என்பது மிக மெல்லிய கண்ணாடிப் படலம். முனை வரை சாய்த்துவிட்டால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னே தாங்குவதற்கு உடல் இராது. பக்கெட் இடித்தாலே பெயரும், பெயர்ந்த இடம் கத்தியாகும். ஆகவே முனையில் ஒரு மில்லிமீட்டர் விட்டுச் சாய்த்து, ஒட்டிய பிறகு சாணைக்கல்லால் கூரை மழுக்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் அவர் இரண்டு நாள் கூலி கேட்டிருந்தார். நாம் கொடுக்காதது அதைத்தான். எந்தச் செயலையும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான் என்று பாடம் நடத்துகிறோம். செம்மைக்கு ஆகும் நேரத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியவர் யார் என்பதை அந்தப் பாடத்தில் நாம் சொன்னதில்லை.

பையனின் தந்தை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அது நமக்கு இன்னும் கனமாக இருந்தது. ஜமாஅத்தாரிடம் நடந்ததைச் சொன்னோம். மேஸ்திரியின் மீது பழி போடுவதற்கு ஒருவர் முற்பட்டபோது, கணக்கேட்டில் நாம் அடித்துவிட்ட வரியைக் காட்டினோம். அவை அமைதியாயிற்று. மேஸ்திரியைத் தேடிச் சிதம்பரத்திற்குச் சென்றோம். அங்கே வேறொரு வீட்டில் வேலையாக இருந்தார். செய்தி கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் மழுக்கிட்டே போயிருக்கணும் ஹஜ்ரத்து. கூலி இல்லைன்னாலும்" என்றார். "இல்லை மேஸ்திரி, அந்தக் கூலியை நிறுத்தியவர்கள் நாங்கள்" என்றோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கழிந்து அவர் வந்தார். படியின் விளிம்பு டைல்ஸை எல்லாம் பெயர்த்தெடுத்தார். மீண்டும் டைல்ஸ் வைக்கப்போவதில்லை என்றார். கறுப்புக் கிரானைட் பட்டை வாங்கி வரச் சொல்லி, அதன் முனையை அரைவட்டமாக உருட்டி, படியின் ஓரம் நெடுகப் பதித்தார். வெள்ளை டைல்ஸ் அந்தக் கல்லுக்குள் வந்து நின்றுகொண்டது. "உரசற இடத்துல கல்லு இருக்கட்டும். டைல்ஸ் பின்னாடி இருக்கட்டும்" என்றார். அஷ்தூரின் பெயரைச் சொல்லி, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சுல்தானின் கட்டடத்தில் இதையே செய்திருக்கிறார்கள் என்று விளக்கினோம். கைபேசியில் படத்தைக் காட்டினோம். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "வேலை தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

சுவரின் வெளிமூலைகளை மழுக்க இரண்டு நாள் ஆயிற்று. உள்மூலைகளின் வெள்ளைச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துப் பசை நிரப்ப இன்னும் ஒரு நாள். மூன்று நாள் கூலியும் கல்லின் விலையும் கணக்கேட்டில் 'மூலை' என்ற தலைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் சொல்லித்தான் அப்படி எழுதினார்கள்.

அந்த மாணவன் இப்போதும் உளூச் செய்ய அமரும்போது, காலை வைப்பதற்கு முன் கட்டைவிரலால் கல்லின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்க்கிறான். பிறகுதான் குழாயைத் திறக்கிறான்.